சாவி யாரிடம் இருக்கிறது?

முப்பத்தோர் ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார், துப்புரவு பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: வீடுகள் நெருக்கியடித்திருக்கும் ஓர் ஏழைக் குடியிருப்பில் பொதுக் கழிப்பறை கட்டிக் கொடுத்தோம். ஆறே மாதத்தில் பாழாகிவிட்டது. மக்கள் மறுபடியும் திறந்தவெளிக்கே போகிறார்கள். "இவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று கூட்டத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். பிரசாரத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைக் கட்ட வேண்டுமா?
— உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர்

"விழிப்புணர்வு இல்லை" என்ற பேச்சைப் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எழுந்தால் கூட்டம் முடிந்தது என்று பொருள். பழி மக்கள் தலையில் விழுந்துவிட்டது, மற்றவர்கள் எழுந்து வீட்டுக்குப் போகலாம். நீங்கள் தயவுசெய்து எழுந்து போகாதீர்கள்.

நான் பணியில் சேர்ந்த மூன்றாவது ஆண்டு. பத்து அறைகள் கொண்ட ஒரு கழிப்பறையை ஆய்வு செய்யப் போனேன். பதிவேட்டில் "பயன்பாட்டில் உள்ளது" என்று இருந்தது. நேரில் போனால் இரும்புக் கதவில் பூட்டு தொங்கியது. துருவேறிய பழைய பூட்டு இல்லை, எண்ணெய் போட்டுத் துடைத்த பூட்டு. சாவி எங்கே என்று விசாரித்தேன். எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டி, "சாவி மேற்பார்வையாளர் வீட்டில் இருக்கும். அவர் வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வருவார்" என்றார். காத்திருந்தேன். வந்த மனிதர் நல்லவர். கழுவுவதற்கு ஆளும் இல்லை, ஆளுக்குக் கூலியும் இல்லை. அழுக்கானால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று பூட்டி வைத்திருந்தார். உள்ளே ஓடுகள் பளபளத்தன. குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. பெண்கள் பக்கம் ஐந்து கதவுகளில் இரண்டில் மட்டும் உள்தாழ்ப்பாள் இருந்தது. விளக்கு மாட்டும் இடம் வெறுமையாக இருந்தது. பின்னாலேயே வந்த பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ போவாயா, அம்மா?"

நான் போகமாட்டேன். பதிவேட்டில் "பயன்பாட்டில் இல்லை" என்று எழுதினேன். அதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன்.

ஆகவே உங்கள் பாழான கட்டடத்துக்கு முதலில் ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு மேல் போய் நில்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, விளக்கு எரிகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, நேற்று கழுவியவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று பாருங்கள். இந்த ஆறுக்கும் விடை கிடைத்த பிறகு பிரசாரம் பற்றிப் பேசலாம். அடுத்த கட்டடத்துக்கான மதிப்பீட்டுத் தாளில் சிமெண்டுக்கும் ஓட்டுக்கும் தொகை இருக்கும். கழுவுபவரின் மாதச் சம்பளத்துக்கும், மின்கட்டணத்துக்கும், குழி நிரம்பினால் எடுப்பதற்கும் தொகை இருக்கிறதா? குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அது எழுதப்படாவிட்டால் அடிக்கல் நாட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. பேரிடர் முகாம்களுக்கென்று உலகம் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு, ஸ்பியர் நெறிமுறை என்பார்கள். அதன்படி 20 பேருக்கு ஒரு கழிப்பறை, இருப்பிடத்திலிருந்து 50 மீட்டருக்குள். பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று. வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்து கூடாரத்தில் கிடப்பவர்களுக்கு அது. நிரந்தரமாக ஓரிடத்தில் வாழ்பவர்களுக்கு அதில் பாதியைக்கூடக் கொடுக்காமல், வரிசையில் நிற்கப் பொறுமை இல்லை என்று அவர்களையே குறை சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை.

பிரசாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1999, 2000 வாக்கில் வங்கதேசத்தில் கமல் கர் என்ற வளர்ச்சித் துறை வல்லுநர் தொடங்கிய முறையில், ஊர்மக்களே தங்கள் ஊரின் வரைபடத்தைத் தரையில் வரைந்து, மலம் எங்கே கிடக்கிறது, அது எப்படித் தங்கள் தட்டுக்கு வருகிறது என்று தாங்களே கண்டுகொள்வார்கள். அதன் வலிமையை நான் மதிக்கிறேன். ஆனால் அது கைமாறி, வெளியே ஒதுங்குகிறவர்களை விசில் ஊதித் துரத்துவது, படம் பிடிப்பது என்று சில இடங்களில் சீரழிந்தது. ஒதுங்க வேறு இடம் இல்லாத பெண்ணின் முகத்தில் டார்ச் அடிப்பதற்குச் சுகாதாரம் என்று பெயர் வைக்கக் கூடாது.

கேள்வி: சோப்பு வாங்க முடியாத வீடுகளில் சாம்பல் போட்டுக் கை கழுவலாமா?
— தன்னார்வலர் ஒருவர்

ஒன்றுமே இல்லாத இடத்தில் சாம்பல் போட்டுத் தேய்த்து, நிறைய நீரில் அலசுவது வெறும் நீரில் நனைப்பதைவிட மேல். தேய்ப்பதும் அலசுவதுமே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் சோப்புக்கு அது ஈடாகாது, ஏழைகளுக்குச் சாம்பல் போதும் என்று திட்டம் தீட்டவும் கூடாது.

சோப்பைவிடப் பெரிய சிக்கல் இடம். கழிப்பறையிலிருந்து பத்தடி தள்ளித் தண்ணீர் இருந்தால் பாதிப் பேர் கழுவாமல் போய்விடுவார்கள். ஒரு கேனில் வாய்க்குச் சற்றுக் கீழே ஆணி அளவு ஓட்டை போட்டு, கைப்பிடியைக் குறுக்குக் கம்பில் கோத்துத் தொங்கவிடுங்கள். கேனின் கழுத்தில் ஒரு கயிறு கட்டி, அதன் மறுமுனையைத் தரையில் கிடக்கும் குச்சியில் கட்டினால், குச்சியை மிதிக்கும்போது கேன் சாயும், மெல்லிய தாரையாக நீர் விழும். கையால் எதையும் தொட வேண்டியதில்லை. சோப்பைத் துளைத்துக் கயிற்றில் கோத்துப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். குழந்தைகளுக்கு மிதிப்பது விளையாட்டு. கழுவச் சொல்லித் தொண்டை கிழியக் கத்த வேண்டியிராது.

1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் பிரசவ அறைக்குள் நுழையும் முன் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று மாணவர்களுக்கு விதித்தார். அந்த ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் 2 விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. அவர் கட்டளையோடு கரைசலையும் வைத்தார் என்பதைத்தான் நான் பயிற்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் கழிப்பறை நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் மாதத்தில் சில நாட்கள் மாணவிகள் வருவதில்லை.
— ஆசிரியை ஒருவர்

நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், டீச்சர். எட்டாம் வகுப்பு மாணவிகள் மூன்று பேரிடம் தனியாகப் பேசுங்கள். கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். குழாய் அறைக்கு வெளியே, பையன்கள் கண் படும் இடத்தில் இருக்கும். பாவாடையை மாட்ட ஓர் ஆணி இருக்காது. பயன்படுத்திய துணியைப் போட மூடியுள்ள தொட்டி இருக்காது, இருந்தால் அதை யார் எடுத்துப் போவது என்று தெரியாது. இவை ஒவ்வொன்றும் ஒரு நாள் சரிசெய்யும் வேலை. தொட்டியைக் காலி செய்பவருக்கு மட்டும் கையுறையும், அதற்கான கூலியும் தனியாக எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: என் அப்பா மலக்குழி சுத்தம் செய்கிறார். பழகிவிட்டது, ஒன்றும் ஆகாது என்கிறார். முதலில் தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாராம். எனக்குப் பயமாக இருக்கிறது.
— கல்லூரி மாணவர் ஒருவர்

தம்பி, உன் பயம் சரியானது. இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு.

குழிக்குள் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் அது மூக்கின் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதும், "வாயு போய்விட்டது" என்று நினைத்து இறங்குவார்கள். உண்மையில் ஆபத்து அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. அதற்கு மேல் இரண்டு மூன்று மூச்சுகளில் ஆள் சாய்ந்துவிடலாம். தீக்குச்சி இந்த வாயுவைக் காட்டித் தராது. உள்ளே மீத்தேனும் இருக்கும், தீ பட்டால் வெடிக்கும். மேலே கிளறாமல் அமைதியாக இருந்த கழிவு, உள்ளே கால் வைத்துக் கலக்கியதும் அடைத்து வைத்திருந்த வாயுவை மொத்தமாக வெளியே விடும். அதனால்தான் இறங்கும்வரை நன்றாக இருந்தவர் அரை நிமிடத்தில் விழுகிறார். அவரைத் தூக்க இரண்டாமவர் குதிக்கிறார், அவரைத் தூக்க மூன்றாமவர். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் போன இடத்துக்கு நான் போயிருக்கிறேன். அந்தத் தாயிடம் சொல்ல என்னிடம் எந்தச் சொல்லும் இல்லை.

பழக்கம் இந்த வாயுவிடம் செல்லாது. மனிதர் இறங்கவே கூடாது. உறிஞ்சு வண்டியும் நீண்ட குழாயும் மேலிருந்தே வேலையை முடிக்க வேண்டும். வண்டி நுழையாத சந்துகளுக்குக் கையால் இயக்கும் சிறு பம்புகள் இருக்கின்றன. இவற்றை வாங்க வேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு, வேலை செய்பவருடையது இல்லை. யாராவது உள்ளே மயங்கி விழுந்தால் பின்னால் குதிக்காமல் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும் என்பதை உன் அப்பாவுடன் வேலை செய்கிறவர்கள் எல்லோரிடமும் சொல். மேலே நின்றே வேலை செய்பவருக்கும் கையுறை, பூட்ஸ், குளிக்கத் தண்ணீர், டெட்டனஸ் மற்றும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசிகள் வேண்டும்.

2019-இல் உலக சுகாதார நிறுவனம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, உலக வங்கி, வாட்டர் எய்டு என்ற தொண்டு நிறுவனம் ஆகியவை சேர்ந்து துப்புரவுப் பணியாளர்களின் உடல்நலம், பாதுகாப்பு, கண்ணியம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்க. எந்தத் துப்புரவுத் திட்டம் என் கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடும் பக்கம் இவர்களைப் பற்றியதுதான். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்தத் திட்டம் உன் அப்பாவைக் குழிக்குள் இறக்கப்போகிறது என்று பொருள்.

கேள்வி: செப்டிக் டேங்க் நல்லதா, இரட்டைக் குழி நல்லதா?
— வீடு கட்டுபவர் ஒருவர்

மண்ணையும் நிலத்தடி நீரையும் பொறுத்தது. நீர் ஆழத்தில் இருந்து, மண் ஓரளவு உறிஞ்சினால் இரட்டைக் குழி எளிய வீட்டுக்கு மிக நல்லது. ஒன்று நிரம்பியதும் அடைத்துவிட்டு மற்றதைத் திறப்பீர்கள். அடைத்தது இரண்டு ஆண்டு ஓய்வில் இருந்தால், நாற்றமில்லாத மண்போல ஆகிவிடும். குழியின் அடிமட்டம் நிலத்தடி நீருக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மழைக்காலத்து நீர்மட்டத்தை வைத்து அளந்துகொள்ளுங்கள், கோடையில் அளந்து ஏமாறாதீர்கள்.

செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்து, அதிலிருந்து ஒரு குழாயைத் தெருச் சாக்கடையில் விட்டிருப்பதை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அது கழிப்பறை கட்டிய வீடாகவே கணக்கில் ஏறும். 2022 நிலவரப்படி உலகில் திறந்தவெளியில் மலம் கழிப்போர் சுமார் 41.9 கோடிப் பேர். பாதுகாப்பாகக் கையாளப்படும் கழிப்பிட வசதி இல்லாதோர் சுமார் 350 கோடிப் பேர். இரண்டு எண்களுக்கும் நடுவே நிற்பவர்கள் ஏதோ ஒரு கழிப்பிடத்தைப் பயன்படுத்துகிறவர்கள்தாம். குழிக்குப் பிறகு அது எங்கே போகிறது என்று கேட்க ஆளில்லாததன் விலை அந்த இடைவெளியில் இருக்கிறது.

கேள்வி: கழிப்பறை, கைகழுவுதல் எல்லாம் கொடுத்தும் குழந்தைகளின் வளர்ச்சியில் மாற்றமில்லை என்று பெரிய ஆய்வுகளே சொல்லியிருக்கின்றன. பிறகு எதற்கு இவ்வளவு செலவு?
— பொருளியல் மாணவி ஒருவர்

கேள்வி நேர்மையானது, மழுப்பாமல் சொல்கிறேன். 2018-இல் வங்கதேசம், கென்யா ஆய்வுகளும், 2019-இல் ஜிம்பாப்வே ஆய்வும் வெளியாயின. மேம்பட்ட கழிப்பறை, கைகழுவும் இடம், குடிநீரில் கிருமி கொல்லக் குளோரின் எல்லாம் கொடுத்தும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. வயிற்றுப்போக்கு வங்கதேசத்தில் குறைந்தது, மற்ற இரண்டு நாடுகளில் குறையவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அது வலித்தது.

ஆனால் அந்த ஆய்வுகள் கொடுத்தவை வீட்டளவிலான எளிய வசதிகள். பக்கத்து வளாகத்து மலம் அதே மண்ணில் கிடந்தது, கோழியும் ஆடும் அதே முற்றத்தில் திரிந்தன, குழந்தை அந்த மண்ணில்தான் தவழ்ந்தது. என் பணி அனுபவத்துக்கு இது புதிதில்லை: ஒரு தெருவில் பத்து வீடு சுத்தமாகி முப்பது வீடு அப்படியே இருந்தால், அந்தப் பத்து வீட்டுக் குழந்தைகளும் மருத்துவமனைக்கு வந்துகொண்டேதான் இருப்பார்கள். லண்டனில் புதிய கழிவுநீர்க் கால்வாய்கள் பெரும்பாலும் முடிந்திருந்த 1866-இல் மீண்டும் காலரா வந்தது. கடுமையாகத் தாக்கியது கிழக்கு லண்டனை. புதிய கால்வாய் அங்கேதான் இன்னும் முழுமையாக இணைக்கப்படவில்லை, குடிநீர் நிறுவனம் வடிகட்டாத நீரையும் கலந்து அனுப்பியிருந்தது. அந்த ஒரு பகுதியில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

செலவு என்கிறீர்கள். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே வழங்கிவந்தது. வடிகட்டும் நிலையத்துக்கான செலவைப் பற்றி அங்கே ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்திருந்தது. ஒட்டியே இருந்த அல்டோனா நகரம் அதே ஆற்றில், ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பின் வரும் நீரை எடுத்தது, ஆனால் மணலில் வடிகட்டியது. காலரா வந்தபோது ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். எல்லைத் தெருவில் ஹாம்பர்க் குழாய் வந்த பக்கம் நோய், அல்டோனா குழாய் வந்த பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மறு ஆண்டே ஹாம்பர்க்கில் வடிகட்டும் நிலையம் இயங்கத் தொடங்கியது. காசு எங்கிருந்தோ வந்துவிட்டது. உங்கள் துறையில் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், அம்மா.

அந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், அரைகுறையாக எல்லா ஊருக்கும் தூவுவதைவிட, ஒரு குடியிருப்பை எடுத்தால் தண்ணீர், கழிப்பறை, சாக்கடை, குப்பை, கால்நடை அனைத்தையும் சேர்த்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது. மெதுவாகத்தான் நடக்கும். எண்ணிக்கை காட்டி விழா எடுக்க முடியாது.

கேள்வி: எங்கள் வீடு குழாய் வரிசையின் கடைசி. வாரத்தில் சில நாள்தான் தண்ணீர் வரும். வந்ததும் முதலில் கலங்கலாக வருகிறது. புகார் சொன்னால், "பரிசோதனையில் நீர் நன்றாக இருக்கிறது" என்று தாளைக் காட்டுகிறார்கள்.
— இல்லத்தரசி ஒருவர்

அந்தத் தாள் பொய் சொல்லாது, அம்மா. மாதிரி எங்கே எடுத்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

குடிநீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி போதும். நீரை அளவுக் கோடுவரை பிடித்து, மாத்திரையைப் போட்டுக் கரைத்தால் குளோரின் இருக்கும் நீர் இளஞ்சிவப்பாகும். நான் ஒரு முறை மேல்நிலைத் தொட்டியில் தொடங்கி ஒவ்வொரு தெருமுனையாகக் குப்பி பிடித்துக்கொண்டே நடந்தேன். தொட்டியடியில் ரோஜா நிறம். நடுத்தெருவில் வெளிறிவிட்டது. கடைசி வீட்டில் மாத்திரை கரைந்த பின்னும் நீர் நிறமே இல்லாமல் நின்றது. வீட்டுக்காரப் பெண் இடுப்பில் குழந்தையோடு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த வழியே திரும்பி நடந்தபோது காரணம் தெரிந்தது. குடிநீர்க் குழாய் ஒரு சாக்கடையின் குறுக்கே போகும் இடத்தில் இணைப்பு விட்டுப்போய், சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் ஓடும்போது அந்த ஓட்டையில் வெளியே கசியும். விநியோகம் நின்று குழாய் காலியாகும்போது வெளியில் இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை தண்ணீர் திறந்ததும், முதலில் உங்கள் வீட்டுக்கு வரும் கலங்கல் அதுதான்.

உங்கள் குழாயில் விழும் நீரில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். அதிகாரிகள் எழுதும் விதியிலேயே "மாதிரி வரிசையின் கடைசி இணைப்பில், விநியோகம் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் எடுக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி இருந்துவிட்டால், இந்த நோயில் பெரும்பகுதி அலுவலகத்திலேயே பிடிபட்டுவிடும். உங்கள் பகுதி உறுப்பினர் அந்த வரியைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

அதுவரை முதலில் வரும் கலங்கலைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். தெளிந்த நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்து, கை நுழையாத குறுகிய வாயுள்ள, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். தண்ணீர் வரும் நாளையும் நேரத்தையும், வீட்டில் யாருக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். பக்கத்து நான்கு வீடுகளையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த முறை மாதிரி எடுக்க ஆள் வந்தால் உங்கள் வீட்டுக் குழாயடிக்கே அழைத்துப் போங்கள். தொட்டியடியில் எடுத்தாகிவிட்டது என்பார். பையில் இன்னொரு குப்பி இருக்கும். நாங்கள் எப்போதும் இரண்டு வைத்திருப்போம்.